தொண்டை நனைக்காத வகுப்பு

"கழிப்பறைச் சாவியைக் குடுங்க மேடம்." தலைமையாசிரியையின் மேசை முன் நின்று கேட்டேவிட்டாள் அவள்.

அந்த அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்த அன்றே கணக்கு டீச்சர் அவள் காதைக் கடித்திருந்தாள்: "அந்தம்மாகிட்ட எதை வேணா கேளு, சாவிய மட்டும் கேட்டுடாதடி. ஒப்பந்தத்துல வந்தவ நீ. ஒரே கையெழுத்துல வீட்டுக்குப் போயிடுவ." இவளும் வாயைத் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். இன்று தையல் பிரிந்துவிட்டது.

தலைமையாசிரியை மேசைமேல் பூங்கொத்தைச் சரிசெய்துகொண்டே நிமிராமல் பேசினார். "கல்வி அதிகாரி இப்ப வந்துடுவார். உன் ஒன்பதாம் வகுப்புப் பொண்ணுங்க செதுக்கி வச்ச சிலை மாதிரி இருக்குதுங்க, ஆர்வமே இல்லைன்னு போன தடவையே திட்டிட்டுப் போனார். இந்தத் தடவை எல்லாக் கையும் மேல போகணும். அதப் பாரு."

"காலைலேருந்து தொண்டையே நனைக்காத புள்ளைங்க மேடம். தண்ணி குடிச்சா போகணும், போக இடமில்ல. மத்தியானமானா தலைவலி, வயித்துவலி. கை எங்கேருந்து மேல போகும்?"

அந்த வகுப்பில் ஒருத்திக்குப் பட்டப்பெயரே வாயாடி. தவளையின் இதயத்துக்கு மூன்று அறை என்று இவள் சொல்லி வாய் மூடுவதற்குள், "எங்க வீட்டைவிட வசதி டீச்சர்!" என்பாள்; வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அதெல்லாம் போன வருடம். இந்த வருடம் மாதாமாதம் சில நாள் காணாமல் போனாள். இன்று காலை இடைவேளையில், பாவாடைக் கறையை மறைத்துச் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

"நாளையிலேருந்து வரல டீச்சர். அம்மா தையல் கடைல சேத்துவிடறாங்க. அங்க பின்னாடி கக்கூஸ் இருக்காம்."

ஏதோ அதிர்ஷ்டம் அடித்தவள் போலச் சொன்னாள். அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

"புதுசா டைல்ஸ் பதிச்சுக் கட்டின கழிப்பறை பூட்டி வைக்கவா மேடம்?"

"திறந்தா ரெண்டே நாள்ல நாறிடும். கழுவ ஆள் இல்ல. கேட்டுக் கேட்டு என் நாக்கு தேஞ்சதுதான் மிச்சம். அதிகாரி பாக்கும்போது பளபளன்னு இருக்கணும்." தலைமையாசிரியை இப்போதுதான் நிமிர்ந்தார். "அவ்வளவு அக்கறைன்னா நீயே கழுவேன்."

"கழுவ மாட்டேன். எங்கம்மா காலம் பூரா அடுத்தவங்க கக்கூஸைக் கழுவித்தான் என்னைப் பட்டம் வாங்க வச்சாங்க. நான் திரும்பப் போய் விளக்குமாத்தைத் தூக்கவா? ஆள் போடச் சொல்லிக் கேளுங்க. இல்லன்னா நான் கேக்கறேன்."

"யார்கிட்டடி கேப்ப?"

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம். தலைமையாசிரியையின் குரல் சட்டென்று இறங்கியது. "அம்மாடி, யோசி. உன் சம்பளத்துலதான் உங்க வீட்டு அடுப்பு எரியுது. அவர் போகட்டும், அடுத்த மாசம் பேசிக்கலாம்."

அடுத்த மாதம் வாயாடி யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருப்பாள். அம்மாவின் முகம் இவள் கண்முன் வந்து நின்றது. ஆனால் இந்த அறைக்குள் கால் வைக்கும் முன்பே இவள் எல்லாவற்றுக்கும் துணிந்திருந்தாள்.

"நிக்காத, வகுப்புக்குப் போ!"

அவள் வெளியே வந்தாள். வகுப்புக்குப் போகும் மாடிப்படிப் பக்கம் திரும்பாமல், அதிகாரி இறங்கிக்கொண்டிருந்த வாசலை நோக்கி நடந்தாள்.