ஒரே டேக்கில் போட்ட கையெழுத்து

பத்தரை மணிக்கு லிகாயா மகள் மாயுமியைக் கையில் பிடித்தபடி பின்கதவு வழியாக வந்து என் மேசையில் ஒரு தாளை வைத்தாள். "மேடம், அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு. பதிஞ்சு நகல் குடுங்க. அவரு நேரா படகுக்குப் போயிட்டாரு." ஆறு வருடமாக இந்தப் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறவள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தேதி 1972 என்று இருந்தது. முத்திரை என்னுடையதைவிட அழகாக விழுந்திருந்தது. அடியில் மாயுமியின் அப்பா இசித்ரோவின் கையெழுத்து. அது மட்டும்தான் நிஜம்.

எங்கள் நகராட்சிக் கட்டடம் ஸ்பானியர் காலத்தது. கூரை ஒழுகினால் கேட்க நாதியில்லை, படம்பிடிக்க மட்டும் மணிலாவிலிருந்து ஆள் வந்துவிடும். இந்தமுறை வந்த தொலைக்காட்சித் தொடர்காரர்களுக்குப் பழைய பதிவு அலுவலகம் ஒன்று வேண்டுமாம். நிஜ அலுவலகத்தைக் கழிவறைப் பக்கம் தள்ளிவிட்டு, என் கூடத்திலேயே பொய் அலுவலகம் போட்டார்கள். பின்பக்கம் வரச்சொல்லி நான் ஒட்டியிருந்த தாளை, கேமராவில் தெரிகிறது என்று கிழித்துவிட்டார்கள்.

"முன்வாசல்ல ஒரு பொண்ணு, உங்க செருப்பும் டீ-ஷர்ட்டும் ஒத்து வராதுன்னு என்னை நிறுத்திட்டா மேடம். அவரு விசேஷத்துக்குப் போடுற பாரோங் சட்டை போட்டிருந்தாரா, அவரை மட்டும் வரிசையில விட்டா."

ரப்பர் செருப்போடு வருபவர்களை நானே எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறேன். லிகாயா எப்படிச் சந்தேகப்படுவாள்?

இசித்ரோ கப்பல்காரன். மணிலாவில் கல்யாணம் செய்துகொண்ட மனைவி இருக்கிறாள். இங்கே மாயுமியின் பிறப்புப் பதிவில் அப்பா என்ற இடம் காலி. என் மகள்தான் என்று அவன் கையெழுத்துப் போட்டால்தான் அவன் பெயர் அவளுக்கு வரும். அடுத்த மாதம் பள்ளிக்கூடம். நாளைக்கு நாளைக்கு என்று ஓட்டியவன் இன்று தானாகவே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். பதினொரு மணிப் படகு ஏறினால் திரும்பி வர ஒரு வருடம். அதுவரை மனம் மாறாமல் இருப்பான் என்று லிகாயாவே சொல்லமாட்டாள்.

கூடத்துக்கு ஓடினேன். என் நாற்காலியில் இருந்த வயதான நடிகர் பதறி எழுந்தார்.

"துணை நடிகர்னு நெனச்சுட்டேன் மேடம். பேனாவ வாங்கினாரு. 'இது என் பொண்ணு'ன்னு சொல்லிட்டுத்தான் போட்டாரு. டைரக்டர் ஒரே டேக்ல ஓகேன்னுட்டாரு."

என் பின்னாலேயே வந்த லிகாயா இதைக் கேட்டுவிட்டாள்.

"அப்போ டிவியில மட்டும் அப்பாவா?" என்றாள்.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. பதிவேடு கட்டடத்தை விட்டு வெளியே போகக்கூடாது. பத்தொன்பது வருடமாக ஊருக்கெல்லாம் நான் சொன்ன சட்டம். அந்தப் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இருவரையும் இழுத்துப்போட்டுக்கொண்டு, மூன்று சக்கர வண்டியில் துறைமுகத்துக்கு விரட்டச் சொன்னேன். எல்லாச் சிக்னலையும் திட்டினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படகு கரையை விட்டு நாலு முழம் விலகியிருந்தது. நான் பதிவேட்டைத் தூக்கிக் காட்டிக் கத்தினேன். லிகாயாவும் கத்தினாள். என்ஜின் சத்தத்தில் ஒன்றும் எடுபடவில்லை. மேல்தளத்துக் கம்பியருகே நின்ற இசித்ரோ எங்களைப் பார்த்துவிட்டான். வழியனுப்ப வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பான், முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் தோளைத் தட்டி, மாயுமியைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னான்.

அந்த மனிதரும் மாயுமியைப் பார்த்துக் கையசைத்தார்.