கிழக்கு மூலை

கிழக்கு வெளுக்கும்போதே மண்வெட்டிகள் இறங்கிவிட்டன. முந்தின நாள் பெய்த மழை மேல்மண்ணை மட்டும்தான் நனைத்திருந்தது. ஒரு சாண் கீழே கோடை அப்படியே கிடந்தது. அலகு பட்டால் தோள்மூட்டுவரை அதிர்ந்தது. கமலேஸ்வரி காலை அகட்டி, முதுகை வளைத்து, ஓங்கி ஓங்கிப் போட்டாள். ஐம்பதைத் தாண்டிய உடம்பு. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எடுத்தால் வரிசையில் பின்தங்கிவிடுவாள்.

முன்பக்கத் தோட்டம் முதலாளி வினோதனுடையது. அங்கே கூலிக்குக் கொத்தி முடித்த பிறகுதான் பின்பக்கத்தில் இருக்கும் தங்கள் காணிகளில் கச்சான் கடலை போட முடியும். அதற்குள் ஈரம் போய்விடும். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. டொக். ஒரு மூச்சு இடைவெளி. டொக். கோடாலி. அவளுடைய காணியின் கிழக்கு மூலையில் இருந்து.

அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் சத்தம் நின்றுவிடும் என்று தெரியும். அந்த மூலையில் வெட்டுவதற்கு மரமும் இல்லை, வெட்டுகிற ஆளும் இல்லை. அவளுடைய அப்பா சுடலைமுத்து சண்டை முடிந்த வருடத்தில் செத்துப்போனவர்.

"என்னடி நிண்டிட்டாய்?" பக்கத்து வரிசையில் இருந்து மீனம்மா கேட்டாள்.

"மூச்சு வாங்குது."

"வாங்கு, வாங்கு. அதை மட்டுந்தான் இன்னும் கூலியில கழிக்கேல்லை."

சுடலைமுத்துதான் இந்தக் காட்டில் முதல் மரத்தை விழுத்தியவர். எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாட்களின் லயங்களைக் கொளுத்தினார்கள். அவர் ஆறு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலைந்து குடும்பங்களோடு வடக்கே வன்னிக்கு வந்தார். அப்போது வினோதனின் தகப்பன் கையில் அரசாங்கக் காணிப் பேமிட் இருந்தது, காணி முழுக்கக் காடாய் இருந்தது. ஒரு பாலை மரத்தின் கீழ் நின்று அந்தத் தகப்பன் சொன்னார்: முன்பக்கத்தை எனக்கு வெட்டித் தாங்கோ, பின்பக்கத்தில அவனவன் வெட்டினது அவனவனுக்கு. அவர்கள் வெட்டினார்கள். முதிரையும் வீரையும் கோடாலியின் வாயைத் தின்றன. பகலில் காய்ச்சல், இரவில் யானை.

வீடு கட்டும்போது ஒரு காரியம் செய்தார்கள். ஆளுக்கு ஒரு காணி இருந்தது. அதன் நடுவில் தனித்தனியே வீடு போட்டிருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒரே நீளச் சுவராக எழுப்பி, நடுவில் தட்டி அடைத்து, காம்பரா காம்பராவாகப் பிரித்துக்கொண்டு குடியேறினார்கள். லயம். தப்பி ஓடி வந்த அதே லயம். யாரும் சொல்லிக் கட்டவில்லை. கைக்கு அதுதான் தெரிந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவன் இருமாவிட்டால் அவர்களுக்கு நித்திரை வராது. சண்டை முடிந்து திரும்பி வந்தபோதும், சிதறிக் கிடந்த அத்திவாரத்தின் மேலேயே தகரத்தை நிறுத்தி அதே வரிசையைத்தான் மறுபடி கட்டினார்கள்.

சாவில் மட்டும் சுடலைமுத்து வேறு ஒழுங்கு வைத்திருந்தார். தோட்டத்தில் அவருடைய மனைவியைப் புதைத்த இடத்தில் அடுத்த வருடம் தேயிலை நட்டார்கள். கொழுந்து பறிக்க அவளுக்கு மேல் ஏறித்தான் நிற்க வேண்டும். ஆகவே இங்கே அவரவர் சாவு அவரவர் காணியின் கிழக்கு மூலையில். அந்தக் காணியில் வெட்டின முதிரையின் கட்டை ஒன்று தலைமாட்டில். மீனம்மாவின் மூலையில் பிறந்த மாதமே செத்த குழந்தை கிடந்தது. வீரகத்தியின் மூலையில் அவனுடைய மனைவி. எல்லா மூலையிலும் கட்டை நின்றது. கமலேஸ்வரியின் மூலை மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. சுடலைமுத்து மாத்தளன் கடற்கரை மணலில் கிடந்தார்.

வெயில் ஏறும்போது வினோதனின் வாகனம் வந்து வரம்பில் நின்றது. தகப்பன் இறந்த பிறகு கனடாவில் இருந்து வந்து நிற்கிறவன். நல்ல சேட்டு, நல்ல சிரிப்பு.

"கமலேஸ்வரி அக்கா, எல்லாரையும் கூப்பிடுங்கோ. ஒரு விசயம் கதைக்க வேணும்."

கூடினார்கள். பின்பக்கம் முழுவதையும் ஒரு மாம்பழக் கொம்பனி கேட்டிருக்கிறது என்றான். நாளைக்கு மண்ணைத் தள்ள டோசர் வரும். லயத்தைத் தொட மாட்டான். இருக்கலாம். கொம்பனியில் வேலையும் உண்டு.

"பின்பக்கம் எங்கட காணி தம்பி," என்றாள் கமலேஸ்வரி.

"ஆர் சொன்னது?"

"உங்கட அப்பா. பாலை மரத்துக்குக் கீழ நிண்டு சொன்னவர்."

"இப்ப அந்த மரமும் இல்லை, அப்பாவும் இல்லை."

"மரத்தைத்தான் நாங்க வெட்டினம்," என்றான் வீரகத்தி. "உங்கட அப்பாவை நாங்க வெட்டேல்லை."

யாரோ சிரித்தார்கள். வினோதனும் சிரித்தான். பிறகு கையை நீட்டி லயத்தைக் காட்டினான்.

"அண்ணை, நான் கோவிக்கேல்லை. நீங்களே சொல்லுங்கோ. காணிக்காரன் எங்கயாவது இப்பிடி வீடு கட்டுவானா? காணி உள்ளவன் காணிக்கு நடுவில கட்டி, வேலி அடைச்சு இருப்பான். இது கூலி லயம். கொம்பனிக்குப் படம் எடுத்துக் குடுத்திட்டன். பாக்கிற எவனும் என்ன சொல்லுவான்? முதலாளி கட்டிக் குடுத்த லயம், இருக்கிறது கூலியாள்."

அந்தச் சுவரை எல்லோரும் புதிதாய்ப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தங்கள் கையால் எழுப்பிய சுவர் எதிரிக்குச் சாட்சியாய் நின்றது.

பொழுது சாய கமலேஸ்வரி அடுப்பை மூட்டினாள். தையல் தொழிற்சாலையில் இருந்து வந்த மகள் சுமித்திரா சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள்.

"ஓமெண்டு சொல்லுங்கோ அம்மா. இருக்க இடம் தாறான், வேலை தாறான். அந்தக் காணியில என்ன கிடக்குது?"

"உன்ர தாத்தாவின்ர கோடாலிச் சத்தம் கிடக்குது."

"எனக்குக் கேக்கேல்லை."

"உன்னை நான் திருப்பி நிக்க வைச்சனான். அதால உனக்குக் கேக்காது."

மாத்தளனில் செல் விழுந்து அப்பா செத்த அன்று, ஏழு வயதுப் பிள்ளையைக் கடலைப் பார்த்துத் திருப்பி நிற்க வைத்துவிட்டு, கமலேஸ்வரி பானை மூடியால் மணலைத் தோண்டினாள். மணல் தோண்டத் தோண்டச் சரிந்தது. அரைவாசி மூடியபோது அடுத்தது விழுந்தது. பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாள். 'என்னைக் கிழக்கு மூலையில வை' என்று நல்ல நாளில் சொல்லி வைத்த மனிதர். திரும்பி வந்த பிறகு தேடிப் போனாள். ஒரு மணி நேரப் பஸ் தூரம்தான். மணலை மட்டமாக்கியிருந்தார்கள், பற்றைகள் முளைத்திருந்தன. எந்தப் பற்றை என்று யாருக்குத் தெரியும்?

வெளியே மற்றவர்கள் சுவரோடு சாய்ந்து இருந்தார்கள். வீரகத்தி சொன்னான்: "நாளைக்கு ஒருத்தரும் கூலிக்கு இறங்கிறேல்லை. அவனவன் தன்ர மூலையில நிண்டால் டோசரை எப்பிடி ஏத்துவான், பாப்பம்." எல்லோரும் ஓம் என்றார்கள். கமலேஸ்வரியும் ஓம் என்றாள். தன் மூலையில் என்ன இருக்கிறது என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

மறுநாள் வெளிச்சம் வரும்போதே டோசர் வந்தது. ஓட்டி வந்தவன் நிஸார். முல்லைத்தீவுக்காரன், நாள்கூலிக்கு மெசின் ஓட்டுகிறவன். முன்னால் வினோதன் நடந்தான். முதலில் இருந்தது வீரகத்தியின் காணி. மூலையில் வீரகத்தி மண்வெட்டியை ஊன்றி நின்றான்.

"விலத்துங்கோ அண்ணை," என்றான் நிஸார். "அதென்ன கட்டை?"

"என்ர மனிசி."

நிஸார் கொஞ்ச நேரம் கட்டையைப் பார்த்தான். பிறகு காணிகளின் நீளத்துக்கு, ஒவ்வொரு மூலையிலும் நின்ற கட்டைகளையும் பக்கத்தில் நின்ற ஆட்களையும் பார்த்தான். இயந்திரத்தை நிறுத்தினான்.

"மையத்துப் புதைச்ச இடத்துக்கு மேல நான் மெசின் ஏத்த மாட்டன் முதலாளி."

கமலேஸ்வரி முன்னால் வந்தாள். இரவு முழுக்கக் கிடந்து யோசித்தது இப்போது வாயில் வந்தது.

"தம்பி, லயத்தைப் படம் எடுத்தனீங்கள்தானே. இதையும் எடுங்கோ. பயத்தில சேர்ந்து இருந்தம், அது உண்மை. ஆனா செத்தவையைப் புதைச்சது அவரவர் காணியில. அடுத்தவன்ர காணியில எவனாவது தன்ர பிள்ளையைத் தாப்பானா?"

வினோதனின் முகம் முதன்முறையாகச் சுருங்கியது. ஆனால் அவன் முட்டாள் இல்லை. வரிசையைக் கண்ணால் ஒருமுறை அளந்தான்.

"சரி. கட்டை உள்ள காணியளை இப்ப விடுவம். பிறகு கதைப்பம். இந்தா, ஒண்டில கட்டை இல்லை. இந்தக் காணி ஆற்ற?"

"என்ர," என்றாள் கமலேஸ்வரி.

"இங்க ஆர் இருக்கினம்?"

"அவவின்ர அப்பா," மீனம்மா தன் மூலையில் இருந்து கத்தினாள். "சுடலைமுத்து அண்ணன். கட்டை உக்கிப்போச்சு."

முதிரை எத்தனை வருடம் மண்ணில் கிடந்தாலும் உக்காது. வினோதனுக்கு அது தெரியாது. அவன் கமலேஸ்வரியைப் பார்த்தான். தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். மண் மூடாத அப்பாவின் முகம் அவளுக்கு முன்னால் வந்தது. பொய்யாய் இங்கே ஒருதரம் புதைத்துவிட்டால், அங்கே அவரைத் தேட இனி ஒருவரும் இல்லை.

"இல்லை," என்றாள். "அவர் இங்க இல்லை. மாத்தளனில விட்டிட்டு வந்தனான். இடம் தெரியாது."

மீனம்மா தலையில் கை வைத்தாள்.

"பிறகென்ன," என்றான் வினோதன். "நிஸார், இதில இறக்கு."

நிஸார் சாவியில் கை வைத்தபடி இருந்தான். திருகவில்லை.

முதலில் அசைந்தது வீரகத்தி. மனைவியின் கட்டையை விட்டுவிட்டு, வரம்பைத் தாண்டி, கமலேஸ்வரியின் காணிக்குள் இறங்கி, டோசருக்கு நேர் முன்னால் மண்வெட்டியைப் போட்டான். கொத்தத் தொடங்கினான். பிறகு மீனம்மா வந்தாள்.

"போடி, உன்ர மூலையில நில்," என்றாள் கமலேஸ்வரி. "உன்ர காணியாவது தப்பட்டும்."

"தப்பி? சுவருக்கு அங்கால நீ இருமாட்டி நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

ஒருவர் பின் ஒருவராக மூலைகளை விட்டு வந்தார்கள். காவல் இல்லாத கட்டைகள் தனியே நின்றன. தொழிற்சாலைப் பஸ் றோட்டில் கோர்ன் அடித்துவிட்டுப் போனது. சுமித்திரா அதில் ஏறவில்லை. லயத்தின் பின்னால் இருந்து மண்வெட்டியோடு வந்து, ஒன்றும் பேசாமல் தாயின் பக்கத்து வரிசையை எடுத்தாள்.

வினோதன் கைபேசியைக் காதில் வைத்தான். "பொலிஸ் வருகுது."

"வரட்டும்," வீரகத்தி நிமிராமலே சொன்னான். "வரேக்க மண்வெட்டியும் கொண்டு வரச் சொல்லுங்கோ. ஈரம் போகுது."

நிஸார் சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். இறங்கி வந்து கமலேஸ்வரியிடம் மெதுவாகச் சொன்னான்: "தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுக் கலைக்கேக்க வெளிக்கிட்டு, திரும்பி வந்து வாப்பாவின்ர கபுறைத் தேடினனான் அக்கா. எனக்கும் கிடைக்கேல்லை." பிறகு வினோதனைப் பார்த்து, "வேற ஆளைப் பாருங்கோ முதலாளி," என்றான்.

வேறு ஆள் வருவான். பொலிசும் வரும், வழக்கும் வரும். அது எல்லோருக்கும் தெரியும். கமலேஸ்வரி கிழக்கு மூலைக்குப் போய், வெறும் மண்ணில் காலை அகட்டி நின்று, மண்வெட்டியை ஓங்கினாள்.

டொக். அவளுக்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. காது கொடுத்துப் பார்த்தாள். அத்தனை சத்தத்துக்குள் எது அப்பாவின் கோடாலி என்று பிரித்தெடுக்க முடியவில்லை. அவள் இந்த முறை நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை.