மாப்பிள்ளையின் விரல்

1

இந்தக் கதையில் வரும் கறிக்கடைக்காரர் நான்தான். 'நான்' என்று எழுதினால் கை ஓடவில்லை, அதனால் 'அவர்'. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், கதையில் கை வைக்காதீர்கள். உங்களை எனக்குத் தெரியாது.

2

மனித உடம்பு ஓர் அற்புத...

(அடித்துவிட்டேன். அது ஆஸ்பத்திரிச் சுவர்ப்படத்தில் இருந்த வரி.)

கறிக்கடைக்காரரின் தங்கை புருஷனுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து நாலு நாள் ஆகியிருந்தது. மெஷின்தான் மூச்சு ஊதியது. டாக்டரம்மா அண்ணனையும் தங்கையையும் அந்தப் படத்தின் முன்னால் நிறுத்தி விளக்கினார். இதயத் தசை தானாகவே துடிக்கும். மூச்சுக்கு மூளையின் உத்தரவு வேண்டும். அந்த மூளை செத்துவிட்டது. மெஷினை நிறுத்தத் தங்கை கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

கட்டிலைக் காலி பண்ணப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார் கறிக்கடைக்காரர். வெள்ளைக்கோட்டுக்காரர்களை அவர் ஒருநாளும் நம்பியதில்லை.

3

(திசுக்களைப் பற்றிக் கொஞ்சம். படத்தில் நாலு வகை போட்டிருந்தது: மூடுகிற தோல், இழுக்கிற தசை, எல்லாவற்றையும் பிடித்துக் கட்டுகிற ஜவ்வு, சேதி கொண்டுபோகிற நரம்பு. நாலையும் நாற்பது வருஷமாக அவர் கத்திக்குத் தெரியும். பெயர்தான் புதுசு.)

4

அன்று மத்தியானம் மாப்பிள்ளையின் ஆள்காட்டி விரல் அசைந்தது. 'எலும்பைக் கறி விலைக்கு விக்கிற மச்சான்' என்று கடை வாசலில் நின்று நீட்டுகிற அதே விரல். தங்கை பார்த்துவிட்டாள்.

"அண்ணே, நீ எத்தனை உடம்பைப் பார்த்தவன். டாக்டரு பேச்சு எனக்கு வேணாம், நீ சொல்லு. விரல் அசைஞ்சா உசிரு இருக்குதானே?"

தோலுரித்துக் கொக்கியில் மாட்டிய தொடை துடிக்கும். தலை தனியாகக் கிடக்கும்போதும் துடிக்கும். வாங்க வந்தவர்கள் மிரண்டால், 'வெறும் தசைதாங்க, ஆடு எப்பவோ போயிடுச்சு' என்று அவர் சிரித்திருக்கிறார்.

5

(இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போய்வந்தேன்.)

முடிவு ஒன்று: "இருக்கும்மா" என்கிறார். அவள் பேனாவை மூடுகிறாள். மெஷின் ஊதிக்கொண்டே...

(பொய்.)

முடிவு இரண்டு: கொக்கியைப் பற்றிச் சொல்கிறார். அதைக் கேட்டு அவள்...

(அவள் புருஷனைக் கொண்டுபோய் நான் அங்கே எப்படி மாட்டுவேன்?)

படிவம் அவள் மடியில். பேனா கையில். என்னையே பார்க்கிறாள். ('அவரையே' என்று எழுதியிருக்கணும். கிடக்கட்டும்.)

நீங்கள் சொல்லுங்கள் அவளிடம். கொக்கிப் பேச்சை எடுக்காமல் சொல்லுங்கள்.