ஒரு கைக்கான கோப்பு

ஏழாவது முறையாகப் போன் அடித்தபோது, எடுக்காமலே விட்டுவிடலாமா என்று சங்கவிக்குத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

"வரலம்மா," என்றான் பூவரசன் திண்டிவனத்திலிருந்து. "அப்பிடியேதான் இருக்குது."

"நான் அனுப்புனத அப்பிடியே போட்டீங்களாண்ணா? எதுனா மாத்துனீங்களா?"

"நான் எதுக்கும்மா மாத்தப்போறேன்? மெயில்ல வந்தத எடுத்து வெச்சேன், அவ்ளோதான்."

விழுப்புரம் கிளையில் அவள் கணினியில் அதே கோப்பு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுகிறது. நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் போனதும் அதற்கு என்ன வந்து தொலைக்கிறது என்றுதான் தெரியவில்லை. இன்றோடு மூன்று நாள். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மறந்து, மாலையில் புளித்துப்போன தயிர்சாதத்தைக் கொட்டுவதே அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

பூவரசனுக்கு வலது கை வேலை செய்யாது. நான்கு வருடத்துக்கு முன் கூட்டேரிப்பட்டில் வண்டியிலிருந்து விழுந்ததில் தோள் நரம்பு அறுந்துபோயிற்று. மென்பொருள் எழுதுகிறவனுக்கு ஒற்றைக் கை என்றால் பாதி விசைப்பலகை எட்டாது. ஆனால் ஆள் சும்மா இருக்கவில்லை. நிரல் எழுதும் எடிட்டரைத் தன் கைக்கு ஏற்றபடி பழக்கி வைத்தான். ஸ்பேஸ் கட்டையை அழுத்திப் பிடித்தால் இடப்பக்க விசைகள் வலப்பக்க எழுத்துகளைத் தரும். அடைப்புக்குறிக்கு ஒன்று, சேமிக்க ஒன்று என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதினான். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. எட்டு மாதம் ஆயிற்று. இப்போது இரண்டு கைக்காரர்களை விட அவன்தான் வேகம்.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது. அவர்கள் யாருக்கு வேலை செய்கிறார்களோ அந்தச் சென்னை நிறுவனம் திண்டிவனம் கிளைக்குப் புதுக் கணினிகளை அனுப்பி, இனி இதில்தான், இந்தப் புது எடிட்டரில்தான் வேலை என்று சொல்லிவிட்டது. வெளியிலிருந்து யாரும் அந்தக் கணினிக்குள் நுழைய முடியாது. எதை அனுப்புவதானாலும் மெயிலில்தான். புது எடிட்டர் பழைய கோப்பை ஏறெடுத்தும் பார்க்காது. அதற்கு வேண்டியது ஜேசன் என்கிற வடிவம். அது கட்டம் போட்ட அரசாங்க விண்ணப்பம் மாதிரி. இந்தப் பக்கம் பெயர், அந்தப் பக்கம் மதிப்பு; கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி வைத்தாலும் மொத்த விண்ணப்பத்தையும் தள்ளிவிடும். ஏன் தள்ளினேன் என்றும் சொல்லாது. "அமைப்புகள் ஏற்கப்படவில்லை" என்று மூலையில் ஒரு வரி காட்டிவிட்டு ஊமையாகிவிடும்.

நாளை மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார். அவர் கண்ணெதிரே பூவரசன் ஒரு பிழையைத் திருத்திக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் போன் எடுத்துப் பதில் சொல்லும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். மேனேஜர் பெரியசாமி இதை மிகவும் பரிவாகத்தான் சொன்னாராம். பரிவாகச் சொன்னதில்தான் பூவரசனுக்கு ஆத்திரம்.

கோப்பை மாற்றும் பொறுப்பு சங்கவி தலையில் விழுந்தது. பழைய கோப்பை வரிவரியாகப் படித்து ஜேசனாக மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதினாள். எண்பதுக்கு மேற்பட்ட வரிகள் பூவரசன் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகள். "இது சுண்டுவிரலுக்கு எட்டல, மாத்தணும்" என்கிற மாதிரி. முதல் வரியில் வெறும் பிள்ளையார் சுழி. முன்னால் ஒரு மேற்கோள் குறி போட்டால் பழைய எடிட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. ஜேசனிலோ குறிப்பு எழுத இடமே கிடையாது. அதனால் அத்தனையையும் எடுத்து எறிந்தாள். எட்டு விதமாக மாற்றி எட்டுக் கோப்பு அனுப்பியாயிற்று. எட்டும் அங்கே போய்ப் படுத்துக்கொண்டன.

"அண்ணா, உங்களால மூணு நாளா எனக்கு வேற வேலையே ஓடல," என்று கத்திவிட்டாள். "எதையோ தொட்டுட்டு தொடலன்றீங்க!"

போனில் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது.

"செரி, வுடும்மா. போன் எடுக்கற வேலையும் வேலைதான்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

அவள் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவன் மேல் வந்த கோபம் முழுக்க இப்போது அவள் மேலேயே திரும்பியது. மறுநாள் காலை புது பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் ஏறினாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் இருபது நிமிடம் நின்ற பஸ்ஸையும், ஜன்னலோரத்து ஆள் கடலை தின்று உரித்துப்போட்ட மல்லாட்டைத் தோலையும், உலகத்தையும் மனசுக்குள் திட்டிக்கொண்டே போய் இறங்கினாள்.

பூவரசன் அவளைப் பார்த்ததும் எழுந்தான். "இதுக்குப் போயி இம்மாந்தூரம் வந்தியா?"

"உட்காருங்க. நேத்து இன்னா பண்ணீங்களோ அதையே என் எதிர்ல பண்ணுங்க."

இடது கையால் மெயிலைத் திறந்தான். கோப்பைத் திறந்தான். மொழி மாற்றும் விசையைத் தட்டினான், தலையில் ஓர் எழுத்தை அடித்தான், சேமித்தான். கண் சிமிட்டும் நேரம்தான்.

"நிறுத்துங்க! இப்ப இன்னா அடிச்சீங்க?"

"நான் எங்க அடிச்சேன்?"

"மேல பாருங்க."

முதல் அடைப்புக்குறிக்கும் மேலே, தனியாக, உ.

"அதும்மா? சுழி."

"மாத்தலன்னு சொன்னீங்களே! எத்தினி வாட்டி கேட்டேன்!"

"மாத்தலயே," என்றான் பூவரசன், நிஜமாகவே விளங்காமல். "சுழி போட்டா மாத்துனதா ஆயிடுமா?"

சங்கவிக்கு எங்கேயாவது தலையை முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூன்று நாள், எட்டுக் கோப்பு, கொட்டிய சோறு, எல்லாம் இந்த ஓர் எழுத்துக்கு! அதை அழித்துச் சேமித்தாள். மூலையில் இருந்த வரி மறைந்தது. பூவரசன் ஸ்பேஸை அழுத்திப் பிடித்துத் தட்ட, எட்டாத எழுத்துகளெல்லாம் மடமடவென்று வந்து விழுந்தன.

ஆனால் அவன் முகம் தெளியவில்லை. காலியான முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் இன்னாண்ணா பேஜாரு?"

"ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்து இந்தக் கையால மொத மொதல்ல அடிச்சது அந்த எழுத்துதான். அது ஒண்ணுதான் அன்னிக்கு வந்துச்சு. மிச்சம் முந்நூத்திப் பதினோரு வரியும் அதுக்கப்பறம் வந்தது." சிரிக்கப் பார்த்தான். "வுடு. வேலை நடக்கணுமே."

அந்த முதல் வரியை முதலில் எடுத்து எறிந்தது தன் நிரல்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோபத்தோடு ஒரு வெட்கமும் சேர்ந்துகொண்டது.

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். அடைப்புக்குறிக்கு உள்ளே, மற்ற அமைப்புகளுக்கெல்லாம் மேலே, மேற்கோளுக்குள் "உ", ஒரு முக்காற்புள்ளி, காலியான மதிப்பு. அப்படி ஓர் அமைப்பு இந்த எடிட்டருக்குத் தெரியாது. தெரியாத பெயரை அது கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். சேமித்தாள். மூலையில் ஒன்றும் வரவில்லை.

"ஏத்துக்கிச்சா?" என்றான் அவன்.

"கட்டத்துக்குள்ள போட்டா ஏத்துக்கும். இனிமே வெளியில ஒரு எழுத்து போட்டீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்."

மூன்று மணிக்குச் சென்னைக்காரர் வந்து, பூவரசன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சங்கவிக்குப் பார்க்கத் தைரியமில்லை. வெளியே வந்து கதவோரம் நின்றுகொண்டாள். அரைமணி நேரத்தில் பிழை தீர்ந்தது. "நல்ல வேகம்," என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. பிறகு அமைப்புக் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னார்.

"முதல்ல இருக்கறது என்ன செட்டிங்? மதிப்பே இல்லையே?"

"அது இல்லாம எதுவுமே ஓடாதுங்க சார்," என்றான் பூவரசன்.

மூன்று நாளாக எதையும் ஓடவிடாமல் செய்ததே அதுதானய்யா என்று கதவைத் தள்ளிக்கொண்டு போய்க் கத்த வேண்டும் போலிருந்தது சங்கவிக்கு. கத்தவில்லை. உள்ளே அடுத்த பிழையைத் திறந்துவிட்டார்கள் போலிருக்கிறது; ஒற்றைக் கை தட்டும் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.