செவ்வாய்க் கீரை

ஆம்ப்ரோஸுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், செவ்வாய்க் கிரகத்து மண்ணைப் போலவே செய்த சிவப்பு மண்ணில் கீரை வளர்ப்பது அவன் வேலை. "செவ்வாய்ல குடியேறப்போற மனுஷங்க சாப்பிடற கீரை" என்று தான் குடியிருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன் முழுக்கப் பீற்றிக்கொண்டாயிற்று. அங்கே உள்ளதுபோல இந்த மண்ணிலும் ஒரு விஷ உப்பைக் கலந்திருக்கிறார்கள், கீரை அதை இலைக்கு இழுத்துக்கொள்கிறது, குழந்தைகளுக்கும் கருவுக்கும் ஆகவே ஆகாது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெருமை போய்விடும் அல்லவா!

கூடத்தில் ஏசி கெட்டதால், வாடவிட மனமில்லாமல் ஒரு கீரைத் தட்டைத் திருட்டுத்தனமாக வீட்டுப் பால்கனியில் கொண்டுவந்து வைத்திருந்தான்.

ஞாயிறு மதியம் கூடத்தில் ஏசி மெக்கானிக்கோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மனைவி கேத்தரின் போன் செய்தாள்.

"இன்னைக்கு சர்ச்ல அறுப்பின் பண்டிகை இல்ல? உங்க கீரையை அறுத்து முதற்பலன்னு படைச்சிட்டேன். படைச்சதையெல்லாம் ஏலம் விட்டப்போ எதிர்வீட்டு சிந்தியா எடுத்தா. மாசமா இருக்கறவளுக்கு நல்லதுதானே!"

அவன் விஷம் என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் சர்ச் முழுக்கத் தெரியும், வேலையும் போகும். "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான்.

வழியில் ஹெப்பாள மேம்பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. 'ஆண்டவரே, அவ அடுப்பு பத்தவச்சிருக்கக் கூடாது' என்று வழியெல்லாம் முணுமுணுத்தான்.

சிந்தியா வீட்டு வாசலிலேயே பூண்டு தாளித்த வாசனை வந்தது.

"கீரை... சாப்பிட்டியாம்மா?"

"இல்லண்ணா. ஆசையாத்தான் கடைஞ்சேன். வாய்கிட்ட கொண்டுபோனாலே குமட்டுது, ஒரு வாய்கூட எறங்கல."

ஆம்ப்ரோஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னான். அழுகையே வந்துவிட்டது.

"ஆண்டவருக்குப் படைச்சதை வேஸ்ட் பண்ண மனசு வரலண்ணா. சட்டியோட அண்ணிகிட்டயே குடுத்துட்டு வந்துட்டேன்."

தெருவைத் தாண்டி ஓடிக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டான். மகள் ஆஞ்சலாவுக்கு மூன்று வயது. பச்சையாக எதைக் கண்டாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் அவன் மூச்சு ஓடியது.

"கேத்தரின், அந்தக் கீரையைப் பாப்பாவுக்குக் குடுத்துடாத!"

"ஏங்க? செவ்வாய்ல மனுஷங்க சாப்பிடறதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதையே கதையா சொல்லி ஊட்டினேன். கிண்ணத்தையே நக்கிட்டா."