தும்பிக்கைக்கு இடமில்லாத பலகை

1964 மே மாதம் ஒன்பதாம் தேதி தொடங்கி, தாராவியில் ஒரே ஒரு தகரக் கூரைமேல் மட்டும் தினமும் மாலை நாலரையிலிருந்து ஐந்தேகால்வரை மழை பெய்தது. ஒட்டினாற்போலிருந்த பக்கத்துக் கூரையில் காயப்போட்ட கருவாடு நனையவில்லை. மழை பெய்த கூரையின்கீழ் இருந்தது தமிழ் வாசகசாலை. உள்ளே, மாட்டுங்கா பிரம்மநாயகம் பிள்ளை அந்த வாரம்தான் தானமாகக் கொடுத்திருந்த எண்ணூற்றுச் சொச்சம் புத்தகங்கள். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர். முப்பது வருஷ லீவையும் பொதிகையிலும் கொல்லிமலையிலும் கழித்து, மலைக்கோயில் பதிகம், தேனெடுப்பவர் பாட்டு என்று ஒன்றுவிடாமல் சேர்த்தவர். கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. விஷயம் தெரிந்த ஒருவர் சென்னையிலிருந்து வந்து பார்த்து, 'இது பெரிய காரியம்' என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மனுஷருக்கு வேறு ஆசையே கிடையாது.

மழைக்குக் காரணம் பெயர்ப்பலகை. எழுதிய சேசுராஜ் சினிமா பேனர் போடுகிறவர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். எழுத்தைக் காதால் அறிந்து கையால் வரைகிறவர். 'மலை இலக்கியச் சேகரம்' என்பதை 'மழை இலக்கியச் சேகரம்' ஆக்கிவிட்டார். அந்தக் காலத்து 'லை' யானை மாதிரி தலைக்குமேல் தும்பிக்கை தூக்கி நிற்கும். "தும்பிக்கைக்குப் பலகையில ஜாகா இல்லய்யா, அதான் இந்த 'ழை'யப் போட்டேன். சொல்லும்போது ரெண்டும் ஒண்ணுதான?" என்றார். "ஒண்ணா? அடப்பாவி!" என்று பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

குழாயில் காலை அரைமணி நேரம் நூலாக வரும் தண்ணீருக்கு மண்டை உடைத்துக்கொண்டிருந்த தெரு அது. இரண்டாம் நாளே கூரை விளிம்பின்கீழ் குடங்கள் வரிசை கட்டின. பலகையை அப்புறம் திருத்தலாம் என்று ஆயிற்று. அப்புறம், அப்புறம் என்றே இரண்டரை வருஷம் ஓடிவிட்டது.

1967 ஜனவரியில் சென்னைப் பேராசிரியர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. பதினெட்டாம் தேதி சேகரத்தைப் பார்க்க வருகிறாராம். பிள்ளை அதை நாலு தடவை படித்தார். அன்றைக்கே பலகைக்கு மேலே ஒரு மரச்சட்டம் அடிக்கச் சொல்லி, தும்பிக்கைக்கு இடம் பண்ணி, 'மலை' என்று திருத்த வைத்தார். அன்று மாலை மழை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தெருவில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நாலாம் நாள் வாசகசாலைக்குப் பக்கத்து அறை ஆவுடையம்மாள் வெறுங்குடத்தோடு வந்து நின்றாள்.

"நீங்க படிச்சவிய. தப்பத் தப்புன்னுதான் சொல்லுவிய. நான் கொறை சொல்ல வரலய்யா. சின்னவ கட்டர் சாக்கடைத் தண்ணியக் குடிச்சிட்டு பேதியில கெடக்கா. ஒங்களுக்கு அது ஒரு எழுத்து. எங்களுக்கு அதான தண்ணி?"

பிள்ளை வீட்டுக்குப் போய் அழுதார். முப்பது வருஷம் ஐயா, சும்மாவா? மறுநாள் காலை ஏணியோடு வந்தார். "நான் போடுதேன்யா" என்று சேசுராஜ் தூரிகையை எடுத்தார்.

"வேண்டாம்ப்பா. தெரிஞ்சு பண்ற பிழை. நான்தான் பண்ணணும்."

சட்டத்தைப் பெயர்த்துவிட்டு, கோணல்மாணலாக 'ழை'யைத் தானே எழுதினார். நாலரைக்கு மழை வந்தது.

பதினெட்டாம் தேதி மாலை பேராசிரியர் டாக்ஸியில் வந்து இறங்கினார். பலகையின் கீழ் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "என்ன ஓய், தலைப்பிலேயே எழுத்துப்பிழை? மலைதானே?"

குடங்களோடு நின்ற பெண்கள் அத்தனை பேரும் பிள்ளையின் வாயையே பார்த்தார்கள்.

"இல்லீங்க, மழைதான்" என்றார் பிள்ளை.

"மழையைப் பற்றி எனக்கு என்ன?" பேராசிரியர் வாசற்படி ஏறவில்லை. வந்த டாக்ஸியிலேயே திரும்பிவிட்டார். அது சயான் பக்கம் வளைந்து மறையும்வரை பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றார். அப்போது நாலரை ஆயிற்று. எதிர்ச்சாரியெல்லாம் நல்ல வெயில். வாசகசாலைத் தகரத்தில் மழை சடசடவென்று இறங்கியது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா, கொடம் வைக்கணும்" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

பிள்ளை தள்ளி நின்றார்.