நிற்காமல் போன லாரி

ஆற்றோரம் எட்டுப் பசுக்களை வைத்துப் பிழைத்த பால்காரம்மா, வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே எல்லா ஏற்பாடும் செய்திருந்தாள். மூன்று நாள் தீவனத்தைத் தார்ப்பாயில் கட்டி மேட்டுப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தாள். நாய்க்குக்கூடப் புதுக் கழுத்துப்பட்டை வாங்கியிருந்தாள். மாடுகளை ஏற்றிப் போக லாரி மட்டும் அவளிடம் இல்லை. அது அண்ணனிடம் இருந்தது. "தண்ணி ஏறுதுன்னு ஒரு போன் போடும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று அவனே சொல்லியிருந்தான்.

அணையைத் திறக்கப்போவதாகக் காலையில் அறிவித்ததும் போன் போட்டாள்.

"கிளம்பிட்டேன், அரை மணி நேரம்."

அதை நம்பி, மாடுகளை மேட்டுக்கு ஓட்டிப்போகத் துணைக்கு வந்த பக்கத்துத் தோட்டக்காரரை அனுப்பிவிட்டாள்.

இரண்டு மணி நேரம் கழித்து லாரி வந்தது, ஆனால் நிற்கவில்லை. பின்னால் அண்ணியின் சோபாவும் பீரோவும் ஏறியிருந்தன. அண்ணன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குள் தொழுவத்தில் முழங்கால் தண்ணீர். கயிறுகளை அறுத்துவிட்டுத் தனி ஆளாக ஓட்டினாள். ஏழு மாடுகள் கரையேறின. நிறைமாதச் சினைப்பசுவை மட்டும் வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது.

சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு அண்ணன் வந்தான். "கோவிச்சுக்காதம்மா. மாட்டுக்குக் கால் இருக்கு, நடந்துடும். பீரோ நடக்குமா, நீயே சொல்லு?"

"வரமாட்டேன்னு காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எட்டும் நடந்திருக்கும்ணே."

அவள் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.